வால்வு திறக்கிற நாள்

குழாயில் காற்று இரைகிற சத்தம் இன்னும் வரவில்லை. இன்னொரு சத்தமும் வரவில்லை, ஆனால் அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம், முதலில் தண்ணீர். குடங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. டிரம்மின் அடியில் கிடந்த பழைய தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றியாயிற்று. டிரம்மைச் சாய்க்கும்போது மூச்சு வாங்கியது. காலி டிரம்மைச் சாய்த்தால் யாருக்கும்தான் மூச்சு வாங்கும். இல்லை, யாருக்கும் வாங்காது, எனக்கு வாங்கியது, அவ்வளவுதான். அதனால்தான் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறேன், மற்றபடி காலை நேரத்தில் உட்காருகிற ஆள் இல்லை நான். வாசலில் குழி, குழிக்குள் குழாய். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான், மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது. வாரத்துக்கு ஒரு தடவை வரும், சில வாரம் அந்த ஒரு தடவையும் வராது. வால்வுக்காரர் சைக்கிளில் வந்து தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கி, நீளச் சாவியை உள்ளே விட்டுத் திருகினால் உண்டு. "வால்வு தொறந்தாச்சா?" விடிந்ததிலிருந்து இந்தத் தெருவில் இந்த ஒரு கேள்விதான். எதிர் வீட்டு மாடியிலிருந்து கேட்கிறார்கள், பால் வாங்கப் போகிறவள் கேட்கிறாள், பல் விளக்குகிறவன் நுரையோடு கேட்கிறான். ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கேட்கிறார்கள் என்று ஒரு நொடி திடுக்கிட்டு அப்புறம் அடங்குகிறேன். எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியாது. இன்னும் தொறக்கலக்கா என்று எல்லாருக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மதுரை டாக்டர் முதல்முதலில் வால்வு என்று சொன்னபோது, "தண்ணி வால்வு மாதிரிங்களா டாக்டர்?" என்று இவர் கேட்டார். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், எதையும் தெரிந்த ஒன்றோடு பொருத்தினால்தான் அவருக்கு நிம்மதி. "அதேதான் சார், ஒரு பக்கமா மட்டும் போக விடணும். உங்க வீட்டம்மாவுக்குப் பாதிதான் தொறக்குது," என்றார் டாக்டர். சின்ன வயசில் மூட்டு மூட்டாக வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்து விட்டுவிட்டார்கள். தைலம் கால் வரைக்கும் போனது, காய்ச்சல் நெஞ்சு வரைக்கும் போய்விட்டது. பழையதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் யாரோ தலைமாட்டில் கடிகாரம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எடுங்க அதை, தூங்க விட மாட்டேங்குது என்று நர்சிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்தது. டிக், டிக், டிக். படுத்தால் தலையணைக்குள், உட்கார்ந்தால் தொண்டைக்குள். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு மட்டும் கேட்டால் பரவாயில்லை, பக்கத்தில் படுக்கிற மனுஷன் என்ன பாவம் செய்தார். உங்களுக்குச் சத்தமா இருக்கா என்று கேட்டேன். "எந்தச் சத்தம்?" என்றார். நல்லாக் கேட்டுப் பாருங்க என்றேன். கொஞ்ச நேரம் கவனிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கல, படு," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். எப்போது கேட்டாலும் எந்தச் சத்தம்தான். முதலில் நிம்மதியாக இருந்தது, போகப் போக லேசாகக் கோபம்கூட வந்தது. ஒருத்தி நெஞ்சுக்குள் ராப்பகலாக மணி அடித்துக்கொண்டிருக்கிறது, கூடப் படுக்கிறவருக்கு அதுகூடக் கேட்கவில்லை என்றால் என்ன காது அது.

ஊர் காது அப்படி இல்லை, ஊர் காது பாம்புக் காது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் இவருடைய பழைய வாட்ச்சை எடுத்துக் கையில் கட்டினேன். அன்றைக்குக் கட்டியதுதான். யாராவது உற்றுக் கேட்டால் கையைத் திருப்பி மணி பார்ப்பேன், ஓ வாட்ச்சா என்று விட்டுவிடுவார்கள். பிறகு அதில் பேட்டரி தீர்ந்தது. மாற்றவே இல்லை, எதற்கு மாற்ற, முள் ஓடாவிட்டால் என்ன, சத்தம்தான் ஓடுகிறதே. மணி கேட்டால் வெயிலைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவேன், மதினி வாட்ச் எப்பவும் முன்னப்பின்னதான் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர். இன்னொரு பெயரும் உண்டு, அமைதியானவள். வாயைத் திறந்தால் சத்தம் வெளியே இன்னும் நன்றாகக் கேட்கும், டாக்டரே சொல்லிச் சிரித்தார். அதனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டே இருந்து பழகிவிட்டேன். மகள் சுபாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கூடமே அமைதியாக இருந்தது, காபி ஆற்றுகிற சத்தம்தான். மாப்பிள்ளையின் அத்தை தலையைச் சாய்த்து, "நல்ல அழுத்தமான வாட்ச்சு, அந்தக் காலத்து வாட்ச்சு," என்றாள். அவுக வாட்ச்சு என்று இவரைக் காட்டினேன், இவர் பெருமையாகத் தலையாட்டினார். உள்ளே போய்ச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் பிள்ளைக்கும் இருக்குமோ என்று ஒரு பேச்சு வரும், இருக்காது என்று யாருக்கு விளக்கிக்கொண்டிருப்பது. சுபா கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். இப்போது யாரிடம் மறைக்க? யாரிடமும் இல்லை. ஆனாலும் வாட்ச் கையில் இருக்கிறது, வாய் மூடியே இருக்கிறது. மறைத்து மறைத்து அதுவும் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது, ஓய்வு கிடையாது.

இன்றைக்கு முழிப்பு வந்ததும் என்னவோ ஒன்று குறைந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் நாள் என்ற ஞாபகத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்குவதற்கு முன்னால் ஒரு அமைதி வருமே, அதில்தான் தெரிந்தது. சத்தம் இல்லை. சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது, அடியில் எங்கேயோ பொத் பொத் என்று ஒன்று இருக்கிறது, துணிக்குள் வைத்து அடிக்கிற மாதிரி. அந்தக் கணீர் இல்லை. மூன்று நாளாகச் சளி, காது அடைத்திருக்கிறது, காது அடைத்தால் எதுதான் கேட்கும். ஆனால் மிக்சி கேட்டது. பக்கத்து வீட்டுச் சேவல் கேட்டது. ஜன்னலில் கரிச்சான் கத்துவதுகூடக் கேட்டது. காது அடைத்தால் வெளியே இருப்பதுதான் மங்கும், உள்ளே இருப்பது பெரிசாகத்தானே கேட்க வேண்டும்? கட்டைவிரலைக் காதுக்குள் விட்டுப் பார்த்தேன். அப்படி விட்டால் சாதாரணமாகக் கோயில் மணி மாதிரி இருக்கும். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். பொத், பொத். ஒரு பெண்பிள்ளை விடிந்தும் விடியாமலும் குளியலறையில் வாயைப் பிளந்து நிற்கிறாள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். "மூச்சு வாங்கினா வாங்க. கால் வீங்கினா வாங்க. சத்தம் மங்கினா மட்டும் ஒரு மணி நேரம்கூட ஒத்திப்போடாதீங்கம்மா, ரத்தம் கட்டி வால்வு மாட்டிக்கும்," என்று டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது சொன்னார். ஒத்திப்போடவில்லை, தண்ணீர் வந்துவிடட்டும் என்றுதான். அதற்குப் பெயர்தான் ஒத்திப்போடுவது. தெரியும். ஆனால் எத்தனை தடவை போயிருக்கிறேன் இந்த மாதிரி. நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு தடவை, கேஸ் என்றார்கள். இடது கை மரத்துப்போகிறது என்று ஒரு தடவை, ஒருக்களித்துப் படுத்ததால் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்து, திரும்பும்போது ஒன்றுமில்லை என்ற சீட்டோடு சாத்தூரில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிவருவார். ஒரு வார்த்தை குறை சொன்னது கிடையாது. சொல்லியிருந்தால் தேவலை. ஒன்றுமில்லை என்று கேட்டுக் கேட்டு, எனக்கு ஏதாவது இருக்கிறது என்று சொல்லவே கூச்சமாகப் போய்விட்டது. பயந்து பயந்தே களைத்துப்போய்விட்டேன், இன்றைக்குப் பயப்படக்கூடத் தெம்பு இல்லை.

கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாம் என்று சேலையை இழுத்து மூடியிருக்கிறேன். பார்த்தால் செருப்பு வார் பதிந்த தடம் இருக்கும், அது நேற்றும் இருந்தது, போன வாரமும் இருந்தது. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணை இரண்டாகி எத்தனை நாள் ஆகிறது? சளியால் என்றேன். சளி வந்து மூன்று நாள்தான், தலையணை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறேன், காரணங்கள்தான் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அசதி, அதுதான் முதலில் வந்தது. ஒரு குடம் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இன்னொன்றுக்கு வரும்போது நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதைக் கோமு பார்த்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி, இவரை அண்ணாச்சி என்பாள், அதனால் நான் மதினி. "மூஞ்சி வெளுத்துப்போயிருக்கு மதினி, ஒங்களுக்கு ரத்தம் இல்ல," என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் தூக்குச்சட்டியில் முருங்கைக்கீரை சூப். வீட்டுக்குப் பின்னால் மரமே நிற்கிறது அவளுக்கு. எனக்கு ஆகாது கோமு என்று சொல்ல வாய் எடுத்தேன். ஏன் ஆகாது என்பாள். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன், கீரையைத் திடீரென்று கூட்டினால் மாத்திரை வேலை செய்யாது என்பேன். எதற்கு மாத்திரை என்பாள். அங்கிருந்து வால்வுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும். வாயை மூடிப் பழகியவள் வாயை மூடிக்கொண்டேன், சூப்புக்கு மட்டும் திறந்தேன். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, கீரை வாசத்தோடு, சூடாக. பொய் சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் குடித்தேன். இத்தனை வருஷமாக எல்லார் இலையிலும் பார்த்துவிட்டு ஒதுக்கியது. ஒரு நாள்தானே என்று குடித்தேன். அவள் தினமும் கொண்டுவந்தாள். ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளும் வந்தது, சுபா வளைகாப்பு முடியட்டும் என்று தள்ளிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. வளையல் அடுக்கடுக்காக வாங்கி வைத்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டில் கேட்ட ஏழு வகைச் சாதத்துக்கும் ஆள் சொல்லியாயிற்று. பெற்றவள் அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் அந்த அத்தைக்காரி என்ன சொல்வாள்? என் பிள்ளை கன்னத்தில் சந்தனம் பூசுகிற கை என் கையாக இருக்க வேண்டாமா? ஞாயிறு மட்டும் தாண்டிவிட்டால் போதும், திங்கள் காலையில் முதல் பஸ்ஸில் போய்விடுகிறேன். பொத், பொத். திங்கள் வரைக்கும் மாட்டாமல் இருக்குமா என்று யாரிடம் போய்க் கேட்பது. செத்துப்போக எனக்குப் பயமில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பயம்தான், பேரப்பிள்ளை முகம் பார்க்காமல் போக எனக்கு இஷ்டமே இல்லை.

"என்ன மதினி, இன்னும் தொறக்கலையா?" கோமு வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு குடம், கையில் தூக்குச்சட்டி. என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள், தண்ணீர் நாளில் எப்போதும் உட்காருகிற இடம் அது. "சூப்பக் குடிங்க, ஆறிரும்." அப்புறம் குடிக்கேன் கோமு என்றேன். "அப்புறம் என்ன அப்புறம், மூஞ்சியப் பாருங்க, நேத்தைக்கி இன்னைக்கி இன்னும் வெளுத்திருக்கு. அண்ணாச்சி எந்திரிச்சாச்சா?" ஷேவ் பண்றாக என்றேன். இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது, இருமுகிற மாதிரி காட்டிக்கொண்டேன். அவள் மருமகளைப் பற்றி ஏதோ சொன்னாள், பிறகு தண்ணீர் விடுகிறவனைத் திட்டினாள். தெரு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எல்லாரும் குழாயில் காற்று வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு அவரவர் வாசலில் இருந்தோம். கோமு தலையைச் சாய்த்தாள். என் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். கையை எடுத்துத் திருப்பிக் காதோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். "என்ன மதினி, ஒங்க வாட்ச்சு நின்னுபோச்சா?" என்றாள். "சத்தத்தையே காணும்?"

என் கையை அவள் இன்னும் விடவில்லை. வாட்ச்சை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள், விரலால் கண்ணாடியைத் தட்டினாள். "நேத்துக்கூட லேசாத்தான் கேட்டுச்சு, சொல்லணும்னு நெனச்சேன். பேட்டரியா இருக்கும் மதினி, பஜார்ல குடுத்தா ஒடனே போட்டுக் குடுத்துருவான்." அப்போதுதான் தெருமுனையில் யாரோ கத்தினார்கள், "வால்வு தொறந்தாச்சூ!" தெருவே ஒரு தடவை எழுந்தது, குடங்கள் முட்டிக்கொண்டன. எங்கள் குழிக்குள் குழாய் இரண்டு தடவை செருமிவிட்டுச் செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு வெள்ளையாக வந்தது. கோமு குதித்து இறங்கி என் குடத்தைத்தான் முதலில் வைத்தாள். காது அடைப்பு இல்லை. என் காதில் ஒன்றுமில்லை. அவள் காதிலும் கேட்கவில்லை. நேற்றே மங்கிவிட்டிருக்கிறது. நான் எழுந்தேன். "எங்க போறீக, தண்ணி வருதுல்லா," என்றாள். பார்த்துக்கோ கோமு என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன், கூடம் இவ்வளவு நீளமாக எப்போதும் இருந்ததில்லை.

இவர் பின்கட்டுக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கன்னம் முடித்து மறு கன்னத்தில் நுரையோடு நின்றார். தண்ணி வந்துட்டா நாயகி, இந்தா வாரேன் என்றார் கண்ணாடியில் பார்த்து. ஏங்க, ஒரு சத்தம் கேக்குதான்னு பாருங்க என்றேன். எந்தச் சத்தம் என்று கேட்பார், எந்தச் சத்தம் என்று கேட்டுவிட்டால் நான் திரும்பிப் போய்க் குடத்தை மாற்றி வைப்பேன், ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்குப் போவேன், அப்படித்தான் நினைத்தேன். நான் வாயைத் திறந்துகொண்டு அவர் முன்னால் நின்றேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. ரேசரைக் கீழே வைத்தார். குனிந்து, நுரைப்பக்கக் காதை என் வாய்க்கு அருகே கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டார். எங்கே காதை வைக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் மோவாயில் சோப்பு ஒட்டியது. "விடியக்காலையிலயே கேக்கல," என்றார். "எனக்குத்தான் காது போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன் நாயகி. வயசாகுதுல்லா. அது கேட்டாத்தான எனக்கு ஒறக்கம் வரும், முழிச்சுக்கிட்டே கெடந்தேன்." இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் கேட்டிருக்கிறது இந்த மனுஷனுக்கு. நுரையைத் துண்டால் வழித்தார், பாதி அப்படியே இருந்தது, சட்டையை மாட்டினார், பட்டன் மாறிப் போயிருந்தது. சுபா வளைகாப்பு என்றேன். "வா," என்றார்.

வாசலில் குடம் நிறைந்து வழிந்து குழி முழுக்கத் தண்ணீர். கோமு தன் வீட்டுக் குழாய்க்கு ஓடிவிட்டிருந்தாள், அங்கிருந்தே கத்தினாள், "அண்ணாச்சி, ஒங்க கொடம் வழியுது, எடுத்து வைங்க!" நான் குனியப் போனேன். குளிக்கிற தண்ணீரைச் செம்பு கணக்கில் மொள்ளுகிறவர், பல் விளக்கும்போது குழாயை அடைக்கச் சொல்லி மகளிடம் சண்டை போட்டவர், என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "ஓடட்டும்," என்றார். தெருமுனையில் ஆட்டோ நின்றது, அந்தத் தூரத்துக்குள் நான் நின்று நின்று மூச்சு எடுத்தேன், கூடவே நின்றார். நம்ம ஊரு பெரிய ஆஸ்பத்திரியில நிப்பாட்டு, அங்க இருந்து மதுரைக்கு ஆம்புலன்ஸ் கேட்டுக்கிடுதேன் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே ஏறினார். ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் சோப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், துடைத்துவிடவும் நினைத்தேன், கை எழவில்லை. வாட்ச்சைக் கழற்றி என் மடியில் வைத்தார். பிறகு ஆட்டோக்காரர் பார்க்கிறார் என்றுகூட இல்லாமல் என் தலையைப் பக்கத்தில் இழுத்துக் காதை என் வாயோரம் வைத்துக்கொண்டார். வழக்கம்போல் வாயை மூடித்தான் இருந்தேன். "வாயத் தொறந்தே வச்சுக்க நாயகி," என்றார். "நான் கேட்டுக்கிட்டே வாரேன்." தெருவே வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தது. நான் வாயைத் திறந்தேன்.